முளைப்பாரிக்குப் போட்ட மாத்திரை

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அச்சகத்தில் அடுத்த வருஷத்துத் தினசரி காலண்டர் வேலை தொடங்கிவிட்டது. இனி தீபாவளி வரைக்கும் சிவகாசியில் எங்களைப் போன்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. முந்நூற்று அறுபத்தைந்து சீட்டையும் அச்சுக்குப் போகும் முன்னால் பிழை பார்ப்பவள் நான். இன்று ஒரு செவ்வாய்க்கிழமைச் சீட்டில் திங்கட்கிழமையின் ராகு காலம் ஏறி உட்கார்ந்திருந்தது. கம்ப்யூட்டரில் அடிக்கிற பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினால் "சாரிக்கா" என்று சிரிக்கிறாள். ஊரில் பாதிப் பேர் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் பெண் பார்க்கவே கிளம்புகிறார்கள். பதினாறு வருஷத்தில் என் கையிலிருந்து ஒரு தேதி தப்பாகப் போனதில்லை.

காலையில் வீட்டில் முளைப்பாரி போட்டாயிற்று. என் மகள் சுபிக்கு மெடிக்கல் சீட் கிடைக்க வேண்டும் என்று தெருக் காளியம்மனுக்கு நான் நேர்ந்துகொண்டது. நவதானியத்தை ஊறவைத்து, எருவும் வைக்கோலும் போட்ட மண்பானையில் விதைத்து, வெளிச்சம் படாத உள்ளறையில் வைத்திருக்கிறேன். ஒன்பதாம் நாள் புதன்கிழமை சுபி அதைத் தலையில் சுமந்து கோயிலுக்குப் போக வேண்டும். அதுவரை தூரமான பெண் யாரும் இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது.

சுபிக்குப் போன மாதம் பதினெட்டாம் தேதி. அவள் சடங்கானதிலிருந்து அடுப்படிக் காலண்டரில் பென்சிலால் புள்ளி வைத்து வருகிறேன். கணக்குப்படி வருகிற பதினாறாம் தேதி வர வேண்டும். சரியாகப் பாரிக்கு நடுவில். இந்தப் பிள்ளைக்கு எதிலும் நேரம் காலம் தெரியாது.

ஆகஸ்ட் 13, புதன்

தள்ளிப்போடும் மாத்திரை வாங்கிவந்தேன். மருந்துக்கடைக்காரருக்கு என்னைத் தெரியும், கேட்ட உடனே பேப்பரில் சுற்றிக் கொடுத்துவிடுவார். காலையில் ஒன்று, இரவு ஒன்று, விசேஷம் முடிகிறவரைக்கும். நிறுத்தினால் மூன்று நாலு நாளில் வந்துவிடும் என்றார்.

சுபி மாத்திரையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டாக்டரிடம் கேட்க வேண்டாமா என்றாள். இன்னும் டாக்டருக்குப் படிக்கப் போகவே இல்லை, அதற்குள் எனக்குப் பாடம். என் நாத்தனார் கல்யாணம், கொழுந்தன் கல்யாணம், இரண்டு கும்பாபிஷேகம் எல்லாவற்றுக்கும் இதே மாத்திரையைத்தான் போட்டேன், எனக்கு என்ன குறைந்துபோயிற்று என்று கேட்டேன். விழுங்கினாள்.

ஆகஸ்ட் 16, சனி

மதியச் சோறு அப்படியே திரும்பி வந்திருக்கிறது. புளியோதரை. காலையில் மூன்றரைக்கு எழுந்து இவளுக்காகக் கிளறினேன். அரிசி விற்கிற விலையில் குப்பையில் கொட்டுகிறேன். கேட்டால் கோச்சிங்கில் சாப்பிட நேரம் கொடுக்கவில்லையாம். ஐந்தரைக்குக் கோச்சிங், பிறகு பள்ளிக்கூடம், மறுபடி கோச்சிங், வீடு வரும்போது எட்டரை. மற்ற பிள்ளைகள் சாப்பிடாமலா படிக்கிறார்கள்?

எதிர்வீட்டு மதினி, "சுபி நல்லா மெலிஞ்சு அழகாயிட்டா" என்றாள். உண்மைதான். போன வருஷச் சுடிதாரை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. இரண்டு நாளில் பாரி எடுக்க வேண்டும். இன்று காலை கோயிலுக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். தொண்ணூற்றொரு வயது. காத்திருந்தவர் இன்னும் மூன்று நாள் காத்திருக்கக் கூடாதா? சாவு விழுந்த தெருவில் பொங்கல் வைக்கக் கூடாது என்று தள்ளிவைத்துவிட்டார்கள். மறுபடி இருபத்தாறாம் தேதி விதைப்பு, செப்டம்பர் மூன்று பாரி எடுப்பு. ஒரு சாண் வளர்ந்த பாரியைக் கிணற்றில் போட்டேன்.

மாத்திரையை நிறுத்தினால் நாலு நாளில் வந்துவிடும். வந்து முடிந்து தலைக்கு ஊற்ற அடுத்த விதைப்பு வந்துவிடும். எதற்கு வம்பு, விடாமல் போடு என்று சொல்லிவிட்டேன். இன்னொரு அட்டை வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

தலைவலி என்கிறாள். படிக்காமல் இருக்க ஒரு சாக்கு.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மாதிரித் தேர்வில் போன தடவை 412. இந்தத் தடவை 371. மதிப்பெண் தாளை என்னிடம் காட்டாமல் பையின் அடியில் வைத்திருந்தாள். நான் யார், பிழை பார்ப்பவள். எடுத்துவிட்டேன். அவள் அப்பாவிடம் சொன்னால் அவர் பேப்பர் லோடு ஏற்றுகிற வண்டியைத் துடைத்துக்கொண்டே, "விடு ஜோதி, அடுத்த தடவ வாங்குவா" என்கிறார். இந்த மனிதருக்குக் கோபம் என்று ஒன்றைக் கடவுள் வைக்கவில்லை. அவர் பங்கையும் சேர்த்து நான்தான் கோபப்பட வேண்டியிருக்கிறது.

கோச்சிங் சாரிடம் பேசினேன். இரவில் பத்தரை மணிக்கு மேல் ஒரு மணி நேரம் கூடுதலாக உட்காரச் சொன்னார். பதினொன்றரை வரை நானும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், தூங்கிவிடாமல் இருக்க.

செப்டம்பர் 3, புதன்

பாரி எடுத்தாயிற்று. என் நேர்ச்சை கழிந்தது. பச்சைப் பட்டுப் பாவாடை தாவணியில் சுபி பானையைத் தலையில் வைத்து நடந்ததைத் தெருவே பார்த்தது. கோயிலுக்கு அரைக் கிலோமீட்டர். நடுவில் இரண்டு இடத்தில் நின்று, "அம்மா, கொஞ்சம் உக்காந்துக்கிறேனே" என்றாள். பாரியை நடுத்தெருவில் இறக்குவதா? பல்லைக் கடித்துக்கொண்டு நட என்றேன். நடந்தாள். கோயில் வாசலில் பானையை இறக்கியதும் தூணில் சாய்ந்துகொண்டாள். வெயில்தான்.

இன்றோடு மாத்திரை நிறுத்தம்.

செப்டம்பர் 8, திங்கள்

இன்னும் வரவில்லை.

செப்டம்பர் 13, சனி

இன்றும் இல்லை. பத்து நாள் ஆகிறது. பப்பாளி வாங்கிக் கொடுத்தேன், எள்ளுருண்டை பிடித்துக் கொடுத்தேன். அவளிடம் கேட்டால், "வரும்மா, ஏன் தெனமும் கேக்குற" என்று எரிந்து விழுகிறாள். தினமும் கேட்காமல்? நான் கேட்காவிட்டால் யார் கேட்பார்கள்? அவள் அப்பா இந்தப் பேச்சு எடுத்தாலே செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவார்.

அச்சகத்தில் முதலாளி ஒரு நாளைக்கு நாற்பது சீட்டு முடிக்கச் சொல்கிறார். அவர் வீட்டுப் பிள்ளைக்கு எல்லாம் நேரத்துக்கு நடக்கிறது போல.

செப்டம்பர் 18, வியாழன்

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

காலையில் சுபி குளியலறையில் வாந்தி எடுத்தாள். தண்ணீரைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காமல் எடுத்தாள். எனக்குக் கேட்டது. வெளியே வந்தவளிடம் என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை, வயிறு எரிகிறது என்றாள். என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அறுபத்திரண்டு நாள். வாந்தி. முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போனைக் கையிலிருந்து இறக்குவதில்லை. இதற்கு மேல் எனக்கு ஒருவர் விளக்கிச் சொல்ல வேண்டுமா? நானும் பிள்ளை பெற்றவள்தான்.

மாத்திரையால் இருக்குமோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்படி இருந்தால் எனக்கும் ஆகியிருக்க வேண்டுமே. ஆகவில்லையே.

செப்டம்பர் 19, வெள்ளி

அவள் குளிக்கப் போன நேரம் போனை எடுத்துப் பார்த்தேன். ஜே என்று ஒரே ஓர் எழுத்தில் ஒரு நம்பர். முழுப் பெயர் போட்டால் மாட்டிக்கொள்வோம் என்று ஓர் எழுத்து. ஆகஸ்ட் கடைசியிலிருந்து பதினோரு அழைப்பு. செய்தியெல்லாம் அழித்திருக்கிறாள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள், இவளுடையது ஒரு மாதம் ஓடியிருக்கிறது.

ஜோ, ஜெகன், ஜீவா. அவள் கோச்சிங்கில் எத்தனை ஜே இருக்கிறார்கள் என்று அச்சகத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்றரைக்கு எழுந்து சோறு கட்டியது இதற்கா? கம்மலை அடகு வைத்துக் கோச்சிங்குக்குக் கட்டியது இதற்கா?

செப்டம்பர் 21, ஞாயிறு

இவர் பேப்பர் ஏற்றத் தூத்துக்குடி போயிருந்தார். நல்லதாகப் போயிற்று.

பரிசோதனை அட்டை இரண்டு வாங்கிவந்தேன். நமக்குத் தெரிந்த கடையில் இல்லை, பேருந்து ஏறிச் சாத்தூர் போய். சுபியிடம் கொடுத்தேன். அது என்ன என்று அவளுக்குப் புரியச் சிறிது நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவள் முகம் போன போக்கை நான் எழுதப் போவதில்லை.

"அம்மா, என்னையவா?" என்றாள்.

நடிக்காதே என்று சொல்லி அறைந்தேன். குளியலறைக் கதவைத் தாழ் போடவிடாமல் வெளியே நின்றேன். ஏமாற்றித் தண்ணீரை ஊற்றிவிட்டால்? டம்ளரை என் கையால் வாங்கினேன். சொட்டு விட்டதும் நான்தான். ஒரு கோடு. ஐந்து நிமிஷம் பார்த்தேன், பத்து நிமிஷம் பார்த்தேன், ஒரு கோடுதான். அட்டை பழையதாக இருக்கும் என்று இரண்டாவதையும் போட்டேன். அதிலும் ஒரு கோடு.

எனக்கு அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும். இல்லை. அப்படியானால் ஏன் வரவில்லை என்றுதான் ஆத்திரம் வந்தது. சுபி பாயில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். மதியம் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

அச்சகத்தில் பிழை. ஆடி அமாவாசையை ஒரு நாள் தள்ளி விட்டிருக்கிறேன். ஐயாயிரம் சீட்டு அச்சாகிவிட்டது. முதலாளி எல்லோருக்கும் முன்னால், "உங்க கண்ணு எங்கம்மா இருந்துச்சு?" என்றார். வாயில் வந்ததைச் சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும்.

செப்டம்பர் 27, சனி

அட்டையை நம்பி உட்கார்ந்திருக்க முடியுமா? ராஜபாளையத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். சிவகாசியில் என்றால் காத்திருக்கும் பெஞ்சிலேயே நாலு பேர் விசாரிப்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. பேருந்தில் சுபி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

டாக்டரம்மாவிடம் முதலில் நான் மட்டும் போய் விஷயத்தைச் சொன்னேன். எப்படியாவது உண்மையைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். அவர் என்னை வெளியே உட்காரவைத்துவிட்டுச் சுபியைக் கூப்பிட்டார். அரை மணி நேரம். ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், எடை பார்த்தார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

கர்ப்பம் இல்லை. சினைப்பையில் நீர்க்கட்டியும் இல்லை. தைராய்டு ரிப்போர்ட் மாலையில் வரும் என்றார். மாத்திரை எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்று கேட்டார். பத்து நாள் என்றேன். என் வாயில் அந்தப் பொய்தான் வந்தது.

"இருபத்திரெண்டு நாள் டாக்டர்," என்றாள் சுபி. பேருந்து ஏறியதிலிருந்து அவள் என் முன்னால் பேசிய முதல் வார்த்தை அது.

டாக்டரம்மா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். ஏப்ரலில் பள்ளிக்கூடத்தில் எடுத்த எடை ஐம்பத்திரண்டு என்று சுபி சொல்லியிருக்கிறாள், இன்று நாற்பத்துமூன்று. நாள் தள்ளிப்போவதற்கு ஒரு காரணமா இருக்கிறது என்று விரலை மடக்கினார். மனசில் பாரம், பரீட்சைப் பயம், திடீரென்று இளைப்பது, திடீரென்று பெருப்பது, தூக்கம் இல்லாதது, தைராய்டு, நீர்க்கட்டி, கண்ட மாத்திரை. கல்யாணம் ஆகாத பிள்ளைக்குத் தள்ளிப்போனால் வீட்டில் முதலில் நினைப்பது ஒன்றைத்தான், அவர் பார்க்கிற பிள்ளைகளில் பெரும்பாலும் அது இருப்பதில்லை என்றார்.

"மாத்திரைய நிறுத்தின ஒரு வாரத்துல வந்திருக்கணும்மா. வரலன்னா உடம்பு ஏற்கெனவே ஓய்ஞ்சு கெடந்திருக்கு. சோறும் தூக்கமும் இல்லாத உடம்பு, உசுர வச்சிருக்கிறதுக்காக மத்ததையெல்லாம் நிறுத்திரும். இந்தப் பிள்ளை ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் தூங்குதாம். தெரியுமா உங்களுக்கு?"

தெரியுமாவாம். பக்கத்தில் உட்கார்ந்து எழுப்பிவிட்டதே நான்தானே. அதைச் சொல்லவில்லை.

காலை வாந்தி காலி வயிற்றில் சுரக்கும் அமிலமாம். அதற்கு ஒரு மருந்து, ரத்தத்துக்கு ஒரு மருந்து. மூன்று வேளைச் சோறு, ஏழு மணி நேரத் தூக்கம், இனி டாக்டரைக் கேட்காமல் அந்த மாத்திரையைத் தொடக் கூடாது. இதற்கு முந்நூறு ரூபாய் ஃபீஸ் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன். அப்படித்தான் நினைத்தேன், எழுதித்தானே ஆக வேண்டும்.

மாலையில் போன் செய்தார்கள். தைராய்டும் சரியாக இருக்கிறது.

செப்டம்பர் 28, ஞாயிறு

எல்லாம் சரி. அப்படியானால் ஜே யார்? கர்ப்பம் இல்லை என்றால் பழக்கமும் இல்லை என்று ஆகிவிடுமா? சுபி டாக்டரம்மா கொடுத்த மருந்தைச் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். மொட்டை மாடிக்குப் போய் அந்த நம்பருக்கு அடித்தேன். எடுத்ததும், "யாருடா நீ, எம்பிள்ளை கூட உனக்கு என்னடா பேச்சு?" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல். சுபியோடு படிக்கிற ஆஃப்ரினின் அக்கா. ஜாஸ்மின். மதுரையில் நர்சிங் கடைசி வருஷம் படிக்கிறாள். போன ரம்ஜானுக்கு அவர்கள் வீட்டு பிரியாணி வாளியோடு நம் வீட்டுக்கு வந்தவள்தான். அவள்தான் பேசினாள்.

சுபி முதலில் கூப்பிட்டது ஆகஸ்ட் இருபத்திரண்டாம் தேதியாம். மாத்திரை போட்டதிலிருந்து தலை வலிக்கிறது, குமட்டுகிறது, இன்னும் எத்தனை நாள் போடலாம் என்று கேட்டாளாம். நிறுத்திவிடு, அம்மாவிடம் சொல்லு என்று ஜாஸ்மின் சொன்னாளாம்.

"மாட்டேன்னுட்டா ஆண்ட்டி. அம்மா எனக்காகத்தான் நேந்துக்கிட்டாங்க, நடுவுல வந்துருச்சுன்னா அவங்களால தாங்க முடியாது, ஒரு பத்து நாள் பொறுத்துக்கிறேன்னா. அப்புறம் வரலன்னதும் பயந்துபோய் ரெண்டு நாளைக்கு ஒரு தடவ கூப்பிட்டா. அப்பவும் உங்ககிட்ட சொல்லுன்னுதான் சொன்னேன். அம்மா வேற மாதிரி நெனச்சிருவாங்கக்கான்னு அழுதா. உங்கம்மா அப்படியெல்லாம் நெனைக்க மாட்டாங்கன்னு நான்தான் அவளுக்குச் சொன்னேன்."

வைத்துவிட்டேன். மாடியில் காயப்போட்ட துணியை எடுத்து மடித்தேன். எல்லாவற்றையும் மடித்தேன்.

செப்டம்பர் 29, திங்கள்

சீட்டைப் பார்த்துவிட்டு இவர் கேட்டார். ராஜபாளையம் டாக்டர் சீட்டு எதற்கு என்று. மறைக்க நினைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா, சொல்லிவிட்டேன். அட்டை வாங்கியது, அறைந்தது, டம்ளரை வாங்கியது எல்லாம்.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். இந்த மனிதர் என்னைப் பார்த்து முதல் தடவையாகக் குரல் உயர்த்தினார்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா எம்பிள்ளையப் பத்தி நான் சொல்லியிருப்பேனே. கதவுக்கு வெளிய நின்னியாக்கும். அவ உன் வயித்துல பெறந்தவதானே?"

நானும் விடவில்லை. இத்தனை வருஷம் அவள் நாளைக் கணக்கு வைத்தது யார், துணி துவைத்தது யார், இவர் என்றைக்காவது அவளுக்கு என்ன என்று கேட்டிருக்கிறாரா, பேச்சு எடுத்தாலே செருப்பைத் தேடுகிறவர்தானே என்று கத்தினேன். "அது என் தப்புதான்," என்றார். அதற்கு மேல் கத்த எனக்கு ஒன்றுமில்லை. போய் அவளிடம் மன்னித்துக்கொள் என்று சொல்லச் சொன்னார். பெற்றவள் போய்ப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதாம்.

அக்டோபர் 1, புதன்

காலை கோச்சிங்கை நிறுத்திவிட்டேன். மதிப்பெண் குறைந்தால் நான் பொறுப்பில்லை என்றார் கோச்சிங் சார். என் பிள்ளை நாற்பத்துமூன்று கிலோ இருக்கிறாள், அதற்கு நீங்கள் பொறுப்பா என்று கேட்டேன். போனை வைத்த பிறகு, இரவு கூடுதலாக ஒரு மணி நேரம் சொன்னவர் அவர்தான் என்றாலும் பக்கத்தில் காவல்காரி போல உட்கார்ந்திருந்தது யார் என்று எனக்கே பதில் தெரிந்தது.

சுபி ஆறரை வரை தூங்கினாள்.

அக்டோபர் 4, சனி

மீன் குழம்பு வைத்தேன். இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டாள். நான் பரிமாறினால் வாங்கிக்கொள்கிறாள், கேட்டால் பதில் சொல்கிறாள், வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவது போல. சண்டை போட்டாலாவது நானும் போடலாம். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் இன்று அடுப்படியில் ஒரு தட்டை உடைத்தேன். கை தவறி என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 6, திங்கள்

சொல்லிவிட்டேன். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், நான் அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்துச் சொல்ல எனக்கு வரவில்லை. "அம்மா செஞ்சது தப்புதான் சுபி. அந்த மாத்திரையும் தப்பு, அன்னிக்குப் பண்ணினதும் தப்பு," என்றேன்.

"சரிம்மா," என்றாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படிக்கப் போய்விட்டாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவள் மேல் இல்லை. மாத்திரை கொடுத்த கடைக்காரன் மேல் வந்தது, பெரியவர் செத்ததற்குப் பொங்கலைத் தள்ளிவைத்த தெருக்காரர்கள் மேல் வந்தது, மெலிந்து அழகாகிவிட்டாள் என்ற எதிர்வீட்டு மதினி மேல் வந்தது. ஒவ்வொருவராகத் திட்டித் தீர்த்துவிட்டுப் பார்த்தால் எல்லாவற்றிலும் கூட நின்றது நான். அவள் எனக்குப் பயந்து மாத்திரை போடவில்லை. எனக்காகப் போட்டிருக்கிறாள். எனக்கு மனசு தாங்காது என்று ஒரு குழந்தை இருபத்திரண்டு நாள் விஷம் போல விழுங்கியிருக்கிறது. அந்தக் குழந்தையின் டம்ளரை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். என்னை யாராவது அறைந்தால் தேவலை.

அக்டோபர் 8, புதன்

எடை நாற்பத்து நாலரை. வயிறு வலிக்கிறதா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

அக்டோபர் 11, சனி

காலையில் அச்சகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சுபிக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை, இன்னும் அறையை விட்டு வெளியே வரவில்லை. இவர் லோடு ஏற்றப் போயிருந்தார். வண்டிச் சத்தம் கேட்டது. திரும்பி வந்துவிட்டார். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. கையில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பை.

என்ன மறந்துவிட்டீர்கள் என்று கேட்டேன். செருப்பைக் கழற்றினார். பையில் மூன்று நாப்கின் பாக்கெட். பெரியது, சின்னது, இரவுக்கு என்று எழுதியிருப்பது. எது வேண்டும் என்று தெரியாமல் மூன்றையும் வாங்கிவந்திருக்கிறார். பேப்பரில்கூடச் சுற்றவில்லை, தெரு முழுக்க அப்படியே பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். எண்பத்தைந்து நாள் ஆயிற்று. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"வந்துருச்சா? எப்போ?" என்றேன்.

"காலையில. எனக்குத்தான் போன் பண்ணினா," என்றார். உள்ளறைக்கும் அடுப்படிக்கும் எட்டு அடி. நான் அடுப்படியில்தான் இருந்தேன். அவள் மார்க்கெட் ரோட்டில் லோடு ஏற்றிக்கொண்டிருந்த அப்பாவுக்குப் போன் செய்திருக்கிறாள்.

இவர் கதவைத் தட்டினார். திறந்தாள். பையை வாங்கிக்கொண்டு, "இவ்ளோ எதுக்குப்பா?" என்று சிரித்தாள். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது அவள் சிரித்து. வலிக்கிறதா, சுடுதண்ணி வைக்கவா என்று இவர் கேட்டார். எங்கே என்ன இருக்கிறது என்று தெரியாதவர், அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தைத் தேடினார்.

நான் கதவருகில் போய் நின்றேன். வெந்தயம் கொடுக்கட்டுமா, இன்று லீவு போடட்டுமா, தலையைப் பிடித்துவிடட்டுமா என்று என்னவெல்லாமோ கேட்க நினைத்து, "சுபி, நான் இன்னிக்கு வீட்ல இருக்கவா?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் கோபமாக இல்லை. கோபமே இல்லாமல் சொன்னாள்.

"நீ வேலைக்குப் போம்மா. அப்பா இருக்காரு."

வேலைக்குப் போனேன்.